நெஞ்சுக்குள் ஒரு தற்காலிகக் கம்பி

ஆரியசாலையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆறேழு கிலோமீட்டர்தான். தம்பானூரையும் பாளையத்தையும் கடந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் நிறுவிய சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி இது. மலையாளத்துக்கு ஈடாகத் தமிழும் காதில் விழும். தமிழ்நாட்டிலிருந்து காய்கறியும் மளிகையும் ஏற்றிவரும் லாரிகள் விடிவதற்குள் இங்கே சரக்கை இறக்கியாக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு மேல்வயிறு எரிந்து, வாந்தி வந்து, உடம்பு வியர்த்தால் முதலில் எழும் எண்ணம் 'கேஸ்' என்பதுதான். ஒரு சோடா, ஓர் இஞ்சி மிட்டாய், கடைத் திண்ணையில் சற்றுப் படுக்கை. மருத்துவமனை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மணிக்கணக்கில் நேரம் இப்படியே கழிந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமில்லை. கேரளத்தின் 125 மருத்துவமனைகள் 2007 முதல் 2009 வரை சேர்ந்து நடத்திய மாரடைப்புப் பதிவேட்டில் 25,748 நோயாளிகளின் விவரம் உள்ளது. திருச்சூரைச் சேர்ந்த மருத்துவர் பி.பி. மோகனனும் அவருடைய கூட்டாளிகளும் தொகுத்த அந்தப் பதிவேடு, ரத்தக்குழாய் முழுதாக அடைபட்ட கடும் மாரடைப்பில் நூற்றுக்கு நாற்பது பேர் வலி தொடங்கி ஆறு மணி நேரம் கடந்த பிறகே மருத்துவமனைக்கு வந்தார்கள் என்கிறது. அப்படி வந்தவர்களில் சிலருக்கு நெஞ்சுவலியோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கும். நாடி நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து என்று இறங்கியிருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து, கண் இருண்டு, நினைவு தப்பும். அவசரப் பிரிவு மருத்துவர் வெளியே வந்து, கூட வந்த பைஸ்டாண்டரிடம் "உடனே டிபிஐ போடணும், கையெழுத்து வேணும்" என்று சொல்வது அப்போதுதான். டிபிஐ என்பது தற்காலிக பேஸ்மேக்கர்: சிரை வழியாக இதயத்துக்குள் செலுத்தி, மின்சாரத்தால் அதைத் துடிக்க வைக்கும் ஒரு கம்பி.

கையெழுத்துப் போடுகிறவருக்கு அதைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஆயுள் முழுக்க நெஞ்சில் பெட்டி வைக்கப் போகிறார்கள் என்று சிலர் நினைப்பார்கள். இனி ஆள் பிழைக்க மாட்டார் என்றே சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டும் தவறு. இந்தக் கம்பி உயிரைக் காக்கும் கருவி, அதில் ஐயமில்லை. ஆனால் வேறு எந்த இதயத்தையும் விட, மாரடைப்பால் அப்போதுதான் அடிபட்ட இதயத்துக்குள் அது போகும்போது சிக்கல்களும் கூடவே போகின்றன. குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியது அந்தச் சிக்கல்களைத்தான்.

இதயம் தானாகவே துடிக்கிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு மின்துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணுவில் ஒரு கணம் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாகக் கீழே இறங்கி, இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளைச் சுருங்க வைக்கிறது. ஜெர்மனியின் மார்புர்க் நகரில் ஆய்வு செய்துவந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906ல் இந்த ஏவி கணுவை விவரித்தார். பத்தில் எட்டொன்பது பேருக்கு இந்தக் கணுவுக்கு ரத்தம் தருவது வலது கொரோனரி தமனி. அது அடைத்தால் இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு வரும். கணுவும் பட்டினி கிடக்கும். மேலறையின் செய்தி கீழறைக்குப் போய்ச் சேராது. இதைத்தான் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். வாந்தியும் வயிற்றெரிச்சலும் அதிகமாகத் தோன்றுவது இந்த அடிச்சுவர் மாரடைப்பில்தான் என்பதால், 'கேஸ்' என்று ஏமாறுவதும் இதில்தான் அதிகம்.

அடிச்சுவர் மாரடைப்பில் வரும் பிளாக் பெரும்பாலும் தற்காலிகமானது. கணு மயங்கிக் கிடக்கும், சாகாது. அட்ரோபின் ஊசிக்கே நாடி ஏறிவிடுவதும் உண்டு. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கணு விழித்துக்கொள்ளும். முன்சுவர் மாரடைப்பில் கதை வேறு. அங்கே இடது முன் தமனி அடைத்து, கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர் பெரிய அளவில் அழிந்து, அதில் ஓடும் மின்கிளைகளும் சேர்ந்தே அறுபடுகின்றன. நாடி மிக மெதுவாகும், எந்த நேரமும் நின்றுவிடக்கூடும். கம்பி போட்டு நாடியைச் சரிசெய்தாலும், இறந்துபோன தசையை அது உயிர்ப்பிக்காது. இந்த வகை நோயாளிகள் பலர் நாடி ஒழுங்காக இருக்கும்போதே, இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் வலு இல்லாமல் இறக்கிறார்கள். கையெழுத்து வாங்கும் மருத்துவர் 'எந்தச் சுவர்' என்பதையும் ஒரு வரி சொல்லிவிட்டால், குடும்பத்தார் எதற்கு மனத்தைத் தயார் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துகளே முதன்மைச் சிகிச்சையாக இருந்த காலத்தில், கடும் மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு இந்த பிளாக்கின் கடுமையான வகை காணப்பட்டது. உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறக்கும் இடங்களில் அது மூன்று அளவுக்குக் குறைந்திருக்கிறது.

இதயத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முயற்சிக்கு எழுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. பாஸ்டன் மருத்துவர் பால் ஸோல் 1952ல் நெஞ்சுத் தோலின் மேல் மின்முனைகளை வைத்து, நின்றுபோகவிருந்த இதயங்களைத் துடிக்க வைத்தார். உயிர் பிழைத்தது, ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நெஞ்சுத் தசை முழுவதும் வெட்டி இழுக்கும். வலி பொறுக்க முடியாது. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் பெரும் மின்தடை ஏற்பட்டது. சுவர் மின்சாரத்தை நம்பிக் குழந்தைகளின் இதயங்களைத் துடிக்கவைத்துக்கொண்டிருந்த அறுவை மருத்துவர் வால்டன் லில்லஹை, பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும் என்று மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்த ஏர்ல் பாக்கனிடம் கேட்டார். ஒரு மின்னணு இதழில் வந்திருந்த மெட்ரோனோம் சுற்றை மாற்றியமைத்து, நான்கே வாரத்தில் பாக்கன் ஒரு கையடக்கப் பெட்டியைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் இளம் மருத்துவர் சீமோர் ஃபர்மன், நெஞ்சைத் திறக்காமல் சிரை வழியாகவே கம்பியை இதயத்துக்குள் செலுத்தினார். அவருடைய நோயாளியான முதியவர் ஒருவர் 96 நாட்கள் அந்தக் கம்பியின் துணையில் வாழ்ந்தார். கருவியைத் தள்ளுவண்டியில் வைத்து, நீண்ட மின்கம்பி இழுபட, வராந்தாவில் நடந்தார். இன்று திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ போடப்படும் டிபிஐ அந்த உத்தியின் வாரிசுதான்.

செய்முறை கேட்க எளிது. கழுத்தின் வலப்பக்கச் சிரை, காரை எலும்பின் கீழுள்ள சிரை, தொடை இடுக்குச் சிரை ஆகிய மூன்றில் ஒன்றில் ஊசி குத்தப்படும். அதன் வழியே சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி உள்ளே போய், வலது மேலறையைத் தாண்டி, வலது கீழறையின் நுனியில் தங்கும். மறுமுனை படுக்கையருகில் உள்ள ஒரு சிறு பெட்டியில் மாட்டப்படும். பெட்டியில் முக்கியமான திருகுகள் மூன்று: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு மின்சாரம், இதயம் தானாகத் துடித்தால் அதை எவ்வளவு கூர்மையாகக் கவனிப்பது. கேத் லேப் எனப்படும் இதயக் குழாய் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி செய்தால் சில நிமிட வேலை. நள்ளிரவில், திரை வசதி இல்லாத வார்டில், துடிப்பு இறங்கிக்கொண்டே போகும் ஒருவருக்குச் செய்வது வேறு வேலை.

முதல் சிக்கல் ஊசி முனையிலேயே தொடங்குகிறது. மாரடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஹெப்பாரின் எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸோ டெனக்டிபிளேஸோ ஏறியிருக்கும். உடம்பில் ரத்தம் உறையும் தன்மையே குறைந்துவிட்ட நிலை அது. ஊசி தவறிப் பக்கத்துத் தமனியில் பட்டால் கழுத்திலோ தொடையிலோ ரத்தம் கட்டி வீங்கும். அங்கேயாவது விரலால் அழுத்திப் பிடிக்கலாம். காரை எலும்பின் கீழே குத்தினால் எலும்பு மறைத்துக்கொள்ளும், அழுத்த இடமில்லை. அத்தோடு நுரையீரலின் மேல்முனை அங்கேதான் இருக்கிறது. ஊசி அதைத் தொட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். ஆகவே கட்டி கரைக்கும் மருந்து ஏறியவர்களுக்கு அந்த வழியைத் தவிர்ப்பதே வழக்கம். பின்னால் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் அதற்கு வழக்கமாகப் பயன்படுவதும் இடது காரைச் சிரைதான் என்பதால், அதைக் காலியாக விட்டுவைப்பது இன்னொரு முன்யோசனை. அல்ட்ராசவுண்ட் கருவியால் சிரையைப் பார்த்துக்கொண்டே குத்தும் பழக்கம் பரவியதிலிருந்து இந்த விபத்துகள் குறைந்திருக்கின்றன.

கம்பி கீழறைக்குள் நுழையும் கணம் இரண்டாவது ஆபத்து. மாரடைப்பு வந்த தசை எளிதில் பதறும். கம்பியின் நுனி தட்டினாலே இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கி, நாடியே இல்லாத நடுக்கமாக மாறிவிடலாம். அதனால்தான் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அச்சம் தருவது இதயச் சுவர் துளைபடுவது. இடது கீழறையின் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன். வலது கீழறையின் சுவரோ மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான். அடிச்சுவர் மாரடைப்பில் பல நேரம் வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. ஊறிப்போன காகிதம் போல இளகிய அந்தச் சுவரில் விறைப்பான கம்பியின் நுனி அழுந்தினால் மறுபுறம் போய்விடலாம். மாரடைப்பு வராத இதயத்தில் இந்தத் துளை பெரும்பாலும் கம்பியைச் சற்றுப் பின்னிழுத்தால் தானே மூடிக்கொள்ளும். இங்கேயோ, ரத்தம் உறையாத நிலையில் அந்தச் சிறு துளை வழியே இதய உறைக்குள் ரத்தம் சேரும். நூறு, இருநூறு மில்லிலிட்டர் வேகமாகச் சேர்ந்தாலே இதயம் நெரிபட்டு, கழுத்துச் சிரைகள் புடைத்து, ரத்த அழுத்தம் சரியும். ஊசி வைத்து அந்த ரத்தத்தை வெளியே எடுக்கும்வரை வேறு மருந்து எதுவும் பயன்படாது. நுனியில் சிறு பலூன் கொண்ட மென்கம்பிகள் வந்தபின் இது குறைந்திருக்கிறது. அவை ரத்த ஓட்டத்தோடு மிதந்து செல்லும், குத்தாது.

துளைபட்டதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு, அதைக் கவனிக்க முதலில் வாய்ப்புக் கிடைப்பது நோயாளிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும்தான்: நிற்காத விக்கல், அல்லது துடிப்புக்குத் துடிப்பு வயிறு துள்ளுவது. கம்பி நகர்ந்தோ துளைத்தோ உதரவிதானத்தைத் தூண்டினால் இப்படி ஆகும். 'விக்கல்தானே' என்று தண்ணீர் கொடுத்துச் சமாளிக்காமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். மூச்சு இழுக்கும்போது கூடும் புதிய நெஞ்சுவலியும் அப்படியே.

இவ்வளவு சொன்னாலும், அதிகம் நடப்பது இந்தப் பெரிய விபத்துகள் அல்ல. கம்பி இடம் நகர்வதுதான். நிரந்தர பேஸ்மேக்கரின் கம்பி திருகுபோலத் தசையில் பதிந்துகொள்ளும். தற்காலிகக் கம்பியின் வழவழப்பான நுனி சுவரில் சாய்ந்து நிற்கும், அவ்வளவே. நோயாளி இருமினால், புரண்டால், எழுந்து உட்கார்ந்தால் நழுவும். தொடை வழியே போட்டிருந்தால் காலை மடக்கினாலே போதும். நழுவாமலே கூடச் சுற்றியுள்ள தசை வீங்கி, அதே மின்சாரம் அடுத்த நாள் போதாமல் போகும். இதயம் துடிக்கத் தேவையான மிகக் குறைந்த மின் அளவு, போட்ட உடனே ஒரு மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பெட்டியை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கில் வைப்பார்கள். அந்த மிகக் குறைந்த அளவு நாள்தோறும் சோதிக்கப்பட வேண்டும், ஏறிக்கொண்டே போனால் கம்பி நகர்ந்ததற்கோ துளைத்ததற்கோ அது முன்னெச்சரிக்கை.

இங்கேதான் மானிட்டர் திரையை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவார். பெட்டி மின்சாரத்தை அனுப்பும்போதெல்லாம் மானிட்டரில் ஒரு செங்குத்துக் கோடு விழும். இதயம் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தாலும் சில மானிட்டர்கள் அந்தக் கோடுகளையே எண்ணி 'நாடி 70' என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இதயம் நின்றிருக்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைத் தொட்டுப் பார்க்கும் செவிலியர், விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியின் அலையைக் கவனிக்கும் செவிலியர், இவர்கள்தான் அந்த நோயாளியின் உண்மையான காவல்.

பெட்டியும் தவறு செய்யும். இதயம் தானாகத் துடித்ததை அது கவனிக்கத் தவறினால், துடிப்பு முடிந்து தசை ஓய்வெடுக்கும் அந்த நுண்ணிய கணத்தில் தன் மின்சாரத்தைப் போட்டுவிடும். அடிபட்ட இதயத்தில் அது உயிர்போகும் நடுக்கத்தைத் தூண்டலாம். மாறாக, தசை அசைவையோ வேறு மின் இரைச்சலையோ இதயத்துடிப்பு என்று எண்ணி வாளாவிருந்தால் நாடி நின்றுவிடும். பேட்டரி தீர்வது, இணைப்புத் திருகு தளர்வது, ஆளை ஸ்கேனுக்குத் தள்ளிச் செல்லும்போது வயர் இழுபடுவது ஆகியவை சின்னச் சங்கதிகளாகத் தோன்றும். முழுக்க அந்தக் கம்பியை நம்பியிருப்பவருக்கு அவை ஒவ்வொன்றும் மரணக் காரணம். கம்பி இதயத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருப்பதால், தோலில் உறைக்கவே உறைக்காத ஒரு மில்லி ஆம்பியரின் பத்தில் ஒரு பங்கு கசிவுகூட இதயத்தை நடுங்க வைக்கும். அதனால்தான் கம்பியின் திறந்த முனைகளைக் கையுறை போட்டுத் தொடுகிறார்கள், வெறும் உலோகமாக விட்டுவைப்பதில்லை.

நாட்கள் கூடக் கூடக் கிருமி வரும். காய்ச்சலும் குளிரும் கண்டால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். தொடை வழி கூடுதல் ஆபத்து: அங்கே அழுக்கு சேரும், கால் அசையாமல் கிடப்பதால் சிரையில் ரத்தமும் உறையும்.

எத்தனை பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வரும்? பல பத்தாண்டுகளில் வெளியான அறிக்கைகள் பத்தில் ஒருவர் என்பதில் தொடங்கி மூவரில் ஒருவர் வரை போகின்றன. போட்டவரின் அனுபவம், போட்ட இடம், கம்பி எத்தனை நாள் கிடந்தது என்பவை பொறுத்து இந்த வித்தியாசம். இந்தக் கணக்கே மருத்துவ உலகின் மனத்தை மாற்றியது. ஒருகாலத்தில் மாரடைப்போடு மின்கிளையில் சிறு கோளாறு தெரிந்தாலே முன்னெச்சரிக்கையாகக் கம்பி போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டதால் உயிர்கள் கூடுதலாகக் காக்கப்பட்டதாக நிரூபணமாகவில்லை, சிக்கல்கள்தான் கூடின. இன்று, நாடி மெதுவாக இருந்தாலும் ரத்த அழுத்தமும் நினைவும் சரியாக இருந்தால் காத்திருக்கிறார்கள். ஸோல் கண்ட வழியில், ஒட்டும் பட்டைகளை நெஞ்சில் தயாராக ஒட்டிவைத்து, தேவைப்பட்டால் மட்டும் மயக்க மருந்தோடு வெளியிலிருந்து துடிக்க வைத்து, நோயாளியைக் கேத் லேபுக்குக் கொண்டுபோகிறார்கள். அடைபட்ட வலது தமனியைத் திறந்த சில நிமிடங்களிலேயே பிளாக் மறைவதை இதய மருத்துவர்கள் பலர் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். கம்பி போடாமல் தப்பிப்பதற்கு அதைவிட நல்ல வழி வேறில்லை.

அந்த வழிக்கு ஒரு தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு இருக்கிறது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மருத்துவர் அஜித் முல்லசேரியும் முன்னின்று நடத்திய திட்டத்தில், சிறு மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, சிறு ஊரிலேயே ஈசிஜி எடுத்து, மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸில் மையத்துக்கு அனுப்பினார்கள். 2017ல் வெளியான முடிவுகளின்படி, 2,420 நோயாளிகளில், திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, திட்டத்துக்குப் பின் 14.2.

திருவனந்தபுரத்துக்கு வசதிக் குறைவில்லை. மருத்துவக் கல்லூரி 1951ல் தொடங்கியது. அதே வளாகத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1976ல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1980ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அதைக் கட்டியெழுப்பிய எம்.எஸ். வலியத்தான் அதே மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்திய இதய வால்வை அவருடைய குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. வால்வு அறுவை முடிந்தவர்களுக்கும் இதயத்தின் மேற்பரப்பில் தற்காலிகக் கம்பிகளைத் தைத்துவைத்துச் சில நாள் கழித்து உருவிவிடும் வழக்கம் உண்டு. 1956 வரை திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இன்றும் தமிழ் பேசும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். 'காலை மடக்காதீர்கள்', 'விக்கல் வந்தால் சொல்லுங்கள்' என்ற இரண்டு அறிவுரைகள் அவர்களுக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்; மருந்துச் சீட்டுக்குச் சமமான சிகிச்சை அது.

கம்பியை எப்போது எடுப்பது? பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். இதயம் தன் சொந்த நாடியில் ஒரு நாளாவது நிலையாக ஓடினால் உருவிவிடலாம். உருவிய பிறகும் சில மணி நேரம் ரத்த அழுத்தத்தைக் கவனிப்பது அவசியம், துளையை அடைத்துக்கொண்டிருந்த கம்பி விலகிய பின்பே ரத்தம் கசியத் தொடங்குவதும் உண்டு. பிளாக் நீங்காவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கர் பற்றிப் பேச்சு வரும். மாரடைப்புக்குப் பின் குறைந்தது ஐந்து நாள் காத்திருந்து பார்த்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும் என்கின்றன 2021ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். காத்திருக்கும் நாட்களில், தசையில் திருகிப் பதியும் கம்பியை வெளியே வைத்த பேஸ்மேக்கரோடு இணைக்கும் முறை சில மருத்துவமனைகளில் இருக்கிறது. கம்பி எளிதில் நழுவாது, நோயாளி எழுந்து நடக்கலாம். ஏற்கெனவே தற்காலிகக் கம்பி இருந்தவர்களுக்கு நிரந்தரக் கருவியில் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், காய்ச்சல் இருந்தால் அது தணியும்வரை பொருத்துவதைத் தள்ளிவைப்பார்கள். அந்தத் தாமதத்தைப் பார்த்துக் குடும்பத்தார் பதற வேண்டியதில்லை. முதல் நாள் மருத்துவமனையில் அவர்களே கேட்டு வைக்க வேண்டியவை மூன்று: எந்தச் சுவரில் மாரடைப்பு, கம்பி எந்த வழியில் போட்டிருக்கிறது, தினமும் மின் அளவைச் சோதிக்கிறவர் யார்.